ஒரே டிஸ்க், பதினாலு ஜெசிந்தா

எங்கள் தொழிலில் கைவேலை கால் மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் திரையில் சதவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. "அணைத்துவிடாதீர்கள்" என்ற எழுத்துக்கு முன்னால் டீ ஆறிப்போகக் காத்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நீங்கள் அதைச் சபித்துவிட்டு எழுந்து போயிருப்பீர்கள். நான் அதையே பிழைப்பாக வைத்துக்கொண்டேன். இருபது வருடம் பெங்களூரில் இருந்துவிட்டு ஏற்காட்டுக்குத் திரும்பி, ஒண்டிக்கடை முக்கில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போட்டபோது, மலையில் எதற்கும் அவசரம் இருக்காது என்று நினைத்தேன். ஜெசிந்தா டீச்சர் வரும்வரை அப்படித்தான் இருந்தது.

முப்பத்தேழு சதவீதம்

டீச்சர் இங்கே ஒரு மிஷன் பள்ளியில் பிளஸ் டூ பெண்களுக்குக் கம்ப்யூட்டர் எடுப்பவர். போன வருடம் செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள், எதற்கும் இருக்கட்டும் என்று லேபில் இருக்கும் பதினாலு கம்ப்யூட்டரையும் ஒரு தடவை போட்டுப் பார்த்து அணைத்திருக்கிறார். அந்தக் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அப்டேட்டை இறக்கி வயிற்றில் வைத்துக்கொண்டன. காலையில் சேலத்திலிருந்து தேர்வாளர் வந்து உட்கார்ந்தபோது பதினாலும் முப்பத்தேழு சதவீதத்தில் நின்றன. பதினொரு மணிவரை பார்த்தார்கள். பிறகு பெண்களை வேனில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கி, சேலத்தில் வேறொரு பள்ளியில் தேர்வை முடித்தார்கள். பாதிப் பேருக்கு வழியிலேயே வாந்தி.

இந்த வருடமும் இப்படி ஆனால் இனி மலையில் தேர்வு மையமே கிடையாது, எப்போதும் கீழேதான் என்று சொல்லிவிட்டார்களாம். கடை வாசலில் குடையை மடக்கியபடி டீச்சர் கேட்டார்: "ஏனுங்க சார், அதுவா ஒண்ணும் பண்ணக் கூடாதுங்க. நம்மளக் கேட்டுட்டுப் பண்ற மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்களேன்."

கீழே போய் வந்த சாமான்

நெட் வயரைப் பிடுங்கிவிட்டால் போதாதா என்றுதான் நானும் நினைத்தேன். போதாது. தேர்வுக்கு வேண்டிய மென்பொருள், அப்டேட் இல்லாத கம்ப்யூட்டரில் ஏறவே மாட்டேன் என்றது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றலாம் என்றால், அதற்கு என் கையில் இருந்த இன்ஸ்டால் டிஸ்க்கோ பல வருடம் பழையது. அதைப் போட்டுவிட்டுப் பதினாலுக்கும் தனித்தனியாக அப்டேட் இறக்கினால் தேர்வு முடிந்து ரிசல்ட்டே வந்துவிடும். உப்பை இலையில் வைக்காமல் மாவிலேயே போட்டு ஆட்டுவதுபோல, எல்லா அப்டேட்டையும் டிஸ்க்குக்குள்ளேயே முன்கூட்டிச் சேர்த்து எழுதிவிடுவதுதான் வழி.

சேர்ப்பதற்கு முதலில் இறக்க வேண்டுமே! மூடுபனி வந்தால் எங்கள் நெட் போய்விடும். தொண்ணூறு வரை ஏறும், பனி இறங்கும், மறுபடி முதலிலிருந்து. மூன்று நாள் பார்த்துவிட்டு, பக்கத்து மளிகைக்கடை பஷீர் பாய் சரக்கெடுக்கச் சேலம் போகும்போது அவரிடம் ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தனுப்பினேன். அங்கே என் சிநேகிதன் நிரப்பிக் கொடுத்தான். பருப்பு மூட்டைக்கும் சோப்புப் பெட்டிக்கும் நடுவே அது மலையேறி வந்தது. வண்டி நிற்பதற்குள் நான் ஓடிப்போய்க் கை நீட்டியதைப் பார்த்து பாய் சிரித்தார்: "இத்தன வருசமா நான் ஏத்துன சரக்குலயே இதுதாங்க நொம்ப லேசு. முட்டைக்குக்கூட நான் இப்படிப் பதறுனதில்லீங்க."

ஒத்திகை

டிஸ்க் போடும்போது அது நூறு கேள்வி கேட்கும்: எந்த மொழி, எந்த ஊர் நேரம், உங்கள் பெயர் என்ன. பதினாலு தடவை யார் பதில் சொல்வது? பதில்களையும் டிஸ்க்கிலேயே எழுதிவிட்டேன். பெயர் கேட்ட இடத்திலெல்லாம், ஆளுக்கும் சரி மெஷினுக்கும் சரி, ஜெசிந்தா என்றே போட்டேன். அப்போது அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

வெள்ளோட்டத்துக்குப் பாய் தன் கடைக் கம்ப்யூட்டரைக் கொடுத்தார். எல்லாம் ஒழுங்காக ஏறி, "ஜெசிந்தா, நல்வரவு" என்றது. மாற்றித் தருகிறேன் என்றேன். அந்தப் பெயரைப் பார்த்தால் தானே நிமிர்ந்து உட்கார்வதாகச் சொல்லி வேண்டாமென்றுவிட்டார். அடுத்து கொட்டச்சேட்டில் ஒரு எஸ்டேட் ஆபீஸ். அங்கே கணக்கெழுதும் ரைட்டர் ஆரோக்கியம் திரையை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இருக்கட்டும் உடுங்க சார். இனிமே எது தப்பாப் போனாலும் டீச்சர் பண்ணிட்டாங்கன்னு சொல்லிக்கலாம்."

பெயர்ச் சண்டை

தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம் மூன்று மணிக்குள் பதினாலும் தயார். ஒரே பிரிண்டருக்காக எல்லாவற்றையும் வயரில் இணைத்தேன். உடனே பதினாலு திரையிலும் ஒரே புகார்: இந்தப் பெயரில் வேறொரு கம்ப்யூட்டர் இருக்கிறது. பாய் கடையிலும் எஸ்டேட்டிலும் தனியாக இருந்த ஜெசிந்தாவுக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரே அறையில் பதினாலு ஜெசிந்தா என்றதும் சண்டை. பிரிண்டர் யாருக்கும் அச்சடிக்க மறுத்தது. அச்சடித்த தாள் இல்லாமல் மதிப்பெண் கிடையாது. மறுபடி வேன், மறுபடி இருபது வளைவு, அதுவும் என் புத்திசாலித்தனத்தால்.

டீச்சர் திட்டவில்லை. "மெஷின் பேர மட்டும் மாத்துனா செரியாயிருமா?" என்று கேட்டார். சரியாகும், பதினாலு பெயர் வேண்டும் என்றேன். யோசிக்கவேயில்லை. வளைவு ஒன்று, வளைவு இரண்டு என்று வைக்கச் சொன்னார். நான் விழித்ததும் விளக்கினார்: "போன வருசம் ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டேதாங்க எறங்குனேன். இந்த வருசம் அதுக இங்கயே இருக்கட்டும்."

பதினாலாம் வளைவு

தேர்வன்று காலை பனி ஜன்னல் வரை வந்து நின்றது. மலை முழுக்க நெட் இல்லை. பதினாலு கம்ப்யூட்டரும் ஒரு சதவீதமும் காட்டாமல் திறந்தன. போன வருடம் வந்த அதே தேர்வாளர்தான். ஒவ்வொரு திரையிலும் "ஜெசிந்தா, நல்வரவு" என்றிருந்ததை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனவர், "ஏனுங்க டீச்சர், எல்லா மெஷின்லயும் நீங்களே உக்காந்திருக்கீங்க, பரீட்சை யாருக்குங்க?" என்றார். பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

நான் வராந்தாவில் நின்று பிரிண்டர் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். பதிமூன்று வந்தது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கரகரவென்று ஒரு தாள் இழுபடும் சத்தம், அதன் பின்னால் டீச்சர் குரல்: "பதினாலாம் வளைவு, உன்னுது வந்துருச்சு, வந்து எடுத்துக்க கண்ணு. யாருக்கும் வாந்தி வரலீல்ல?"

அடுத்த டிஸ்க்கில் ஜெசிந்தாவை எடுத்துவிடலாம் என்றால் பாயும் ரைட்டரும் அந்தப் பெயர் இல்லாத டிஸ்க் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள், ஆக இந்த மலையில் இன்னும் அப்டேட் ஆகாமல் இருப்பது என் தப்பு ஒன்றுதான்.