முதல் மழையும் மாப்பிள்ளையின் தலைப்பாகையும்

அன்று மழைக்குள் வெள்ளவத்தைப் பாலத்தில் நின்றவர்கள் நான்கு பேர்: நான், புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் என் பெரிய மாமா, பட்டு வேட்டியும் கல் வைத்த தலைப்பாகையுமாக அத்தான், அத்தான் எங்கே போனாலும் பின்னால் வந்த படப்பிடிப்புக்காரர். இல்லாதவர்கள் இரண்டு பேர். என்னோடு தண்ணீர் எடுக்க வந்திருக்க வேண்டிய சக உத்தியோகத்தர் காய்ச்சலில் படுத்திருந்தார். மற்றவள் அக்கா. தாலி ஏறி ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை, மணவறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

கொழும்பின் ஆறு, வாய்க்கால், ஏரித் தண்ணீரில் பூச்சிமருந்து கலந்திருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. வாரக்கணக்கில் வெயில் எறித்த பிறகு பெய்கிற முதல் மழைதான் எங்களுக்குப் பெரிது. கீரைப் பாத்திகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் அடித்ததெல்லாம் அந்த மழையோடுதான் வாய்க்காலில் இறங்கும். முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். விட்டால் அது கடலுக்குப் போய்விடும், அந்தப் பருவத்துக்கு வேறு முதல் மழை கிடையாது. ஆய்வுகூடப் பொறுப்பாளரான மெடம் முதன்முதலாக என்னை நம்பித் தனியாக ஒப்படைத்த இடம் வெள்ளவத்தை வாய்க்கால். அக்காவின் கலியாணத்துக்கு நாள் வைத்தவர்கள் அதை எங்கே கண்டார்கள்?

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போய்ப் படித்த முதல் ஆள் நான். "வாய்க்கால் தண்ணியப் போத்தல்ல அடைக்கிறதுக்கு கம்பஸ் போகவேணுமாடா?" என்று மாமா கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்பார். அதில் கேலி பாதி, பெருமை பாதி.

தாலி கட்டி, அறுகரிசி போட்டு முடிகிற நேரம் மழை பிடித்தது. மண்டபத்திலிருந்து பாலம் நடக்கிற தூரம்தான். ஓடிப்போய், கயிறு கட்டிய எவர்சில்வர் வாளியை நடு நீரோட்டத்தில் இறக்கி இரண்டு போத்தல் நிரப்பிக்கொண்டு வந்தேன். கபில நிறக் கண்ணாடிப் போத்தல்கள். பிளாஸ்டிக் என்றால் மருந்து அதில் ஒட்டிக்கொள்ளும், வெளிச்சம் பட்டால் சில மருந்துகள் சிதைந்துபோகும். குளிரும் வேண்டும். சமையலறையில் சோடா குளிரப் போட்டிருந்த ஐஸ் தொட்டியைக் கண்டதும் தெய்வம்தான் கண் திறந்தது என்று நினைத்தேன். அடியில் இரண்டையும் புதைத்துவிட்டு ஈர வேட்டியை மாற்றப் போனேன்.

மரக்கறிக் கலியாண வீட்டில் ஐஸுக்குள் ஒளித்து வைத்த கபிலப் போத்தலை எங்கள் ஆட்கள் என்னவென்று நினைப்பார்கள் என்று அப்போது எனக்கு ஓடவில்லை.

திரும்பி வந்தபோது மாமா மூலையில் நின்று அத்தானிடம் ஒரு தம்ளரை நீட்டிக்கொண்டிருந்தார்.

"குடியுங்கோ மாப்பிள்ளை. பொடியன் உங்களுக்கெண்டுதான் ஒளிச்சு வச்சிருக்கிறான். பியர்ல நுரைதான் இல்ல."

அத்தான் வெள்ளவத்தையிலேயே பிறந்து வளர்ந்தவர். முகர்ந்து பார்த்தார். "மாமா, குறை நினையாதேங்கோ. இது எங்கட வாய்க்கால் மாதிரி மணக்குது."

"முதல் போத்தலும் அப்பிடித்தான். பழுதாக்கும் எண்டுதான் இதையும் உடைச்சனான்."

நான் விஷயத்தைச் சொன்னதும் மாமா தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். அத்தான் மட்டும் சிரித்தார். "பொண்ணும் தந்து பூச்சிமருந்தும் தந்த வீடு இதுதான். வேற போத்தல் இருக்கோ மச்சான்?"

ஆய்வுகூடத்தில் கழுவி மூடிய மாற்றுப் போத்தல் ஒன்று பையில் இருந்தது. மழையும் விடவில்லை. ஒரு மணித்தியாலம் முடிய இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.

"பிறகென்ன, வா. குடை நான் பிடிக்கிறன்," என்றார் அத்தான்.

மணவறையைத் தாண்டும்போது அக்கா கண்டுவிட்டாள். "எங்க எல்லாரும்?"

"தண்ணி எடுக்க," என்றார் மாமா.

"இங்க பைப் இல்லையோ?"

நின்று பதில் சொல்ல நேரமில்லை.

வாய்க்கால் அதற்குள் தேத்தண்ணி நிறத்துக்கு மாறி இரைந்துகொண்டிருந்தது. அத்தானின் கையெல்லாம் சந்தனமும் பன்னீரும், ஆகவே போத்தலைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். "கலியாணத்தண்டைக்கே தீண்டாமை," என்றவர் குடையை எனக்கு நேராகப் பிடித்துக்கொண்டு தான் நனைந்தார். மாமா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பின்னால் பஸ் ஒன்று மெதுவாகி, "மொகத மல்லி, மாளு அல்லனவாத?" என்று சாரதி எட்டிக் கேட்டார். மீன்தான் பிடிக்கிறோம் என்று அத்தானும் சிங்களத்தில் ஒத்துக்கொண்டார்.

வாளி தண்ணீரைத் தொட்டது. அதைப் பார்க்க அத்தான் குனிந்தார், தலைப்பாகை கழன்று விழுந்தது.

அது தாழவில்லை. கல்லெல்லாம் மினுங்க நடு நீரோட்டத்தில் நேராக நிமிர்ந்து மிதந்தது. "வாளியால கோரடா, கோரு," என்று மாமா கத்தினார். வாளிக்கு எட்டும் தூரம்தான். ஆனால் வாளி நிறைந்திருந்தது. அதைக் கொட்டி, சாயமும் அத்தரும் ஊறிய தலைப்பாகையைத் தூக்கினால் அந்த வாளியால் பிறகு தண்ணீர் எடுக்க முடியாது. நான் அத்தானைப் பார்த்தேன்.

"தண்ணிய எடு," என்றார்.

மேலே இழுத்தேன். போத்தலின் கழுத்துவரை நிரப்பி மூடினேன். அதற்குள் தலைப்பாகை ரயில் பாலத்தடியால் போய்க் கடலைப் பிடித்துவிட்டது. நாங்கள் நான்கு பேரும் கைப்பிடியில் சாய்ந்து, வெளிநாடு போகிற ஒருவரை வழியனுப்புவதுபோலப் பார்த்து நின்றோம்.

வெறுந்தலையோடு வந்த அத்தானிடம் அக்கா கேட்டது ஒரே கேள்வி: "தலை எங்க?"

"கடலுக்குப் போயிட்டுது."

அவள் சிரித்த சிரிப்பில் மாலையிலிருந்து பூ உதிர்ந்தது. நான் போத்தலைப் புது ஐஸில் வைத்து, முச்சக்கர வண்டியில் ஏற்றி, அக்கா மடியில் வைத்துத் தந்த வடைப் பொதியோடு ஆய்வுகூடத்துக்குப் போனேன்.

முடிவு வந்த அன்று மெடம் கூப்பிட்டார். இரண்டு மருந்துகள் சிறிய அளவில், ஆனால் சந்தேகமில்லாமல் தெரிகின்றன என்றார். மழைக்கு முன் எடுத்த தண்ணீரில் அவை இல்லை. எங்கிருந்து இறங்குகிறது என்று இனி வாய்க்காலோடு மேலே போய்த் தேடலாம், அந்த வேலையும் உனக்குத்தான் என்றார். வீட்டில் சொன்னபோது மாமா, "நான் அந்த ரெண்டையும் உடைச்சிராட்டி மாப்பிள்ளை வந்திருப்பாரோ?" என்று தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அக்கா வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது மணவறைப் படமல்ல. குடையும் வெறுந்தலையுமாக அத்தான், வாளியோடு நான், என் இடுப்பைக் கட்டிப் பிடித்தபடி மாமா. தலைப்பாகை வாடகைக்கு எடுத்தது. கடைக்காரர் கல்லுக்கும் சரிகைக்கும் சேர்த்துக் கணக்குச் சொன்னார், மாமாவும் நானும் பாதி பாதியாகக் கொடுத்தோம். ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்.