வெறுந்துண்டோடு வந்த நைனா

டோல்கேட்டுக்குப் பக்கத்துச் சந்தில் நாங்கள் குடியிருந்தபோது எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. ஏழு வயதில் உத்தியோகமா என்று சிரிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் இன்றைக்குச் சோறு வேகுமா வேகாதா என்று அம்மாவுக்கு அறிவிப்பவள் நான்தான்.

நைனாவும் சித்தப்பாவும் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள். விடியும்போதே போய் வாசலில் கும்பலோடு நிற்க வேண்டும். கப்பல் வந்திருந்து, மேஸ்திரி கைகாட்டிக் கூப்பிட்டால் அன்றைக்கு வேலை. கூலி கைக்கு வந்ததும் வழியிலேயே அரிசி வாங்கித் துண்டில் முடிந்துகொண்டு வருவார்கள். சாயங்காலம் நான் சந்து முனையில் காத்திருப்பேன். நைனாவின் துண்டில் முடிச்சு தெரிந்தால் ஒரே ஓட்டமாக ஓடி, "உல வெய்ம்மா" என்று கத்துவேன். துண்டு சும்மா தோளில் கிடந்தால் ஓட மாட்டேன், நடந்துதான் போவேன். நான் நடந்து வருவதைப் பார்த்தாலே போதும், அம்மா அடுப்பில் சொருகியிருந்த விறகை எடுத்து மூலையில் வைத்துவிடுவாள்.

இப்படி இருக்கையில் திருவொற்றியூரில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் நைனாவுக்கு வேலை கிடைத்தது. மாசச் சம்பளம் என்று அம்மா சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மாசமாவது மண்ணாவது, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் வீட்டில் காலம் என்பது இன்றைக்கு, நாளைக்கு என்ற இரண்டோடு முடிந்துவிடும்.

முதல் நாள் நைனா வெறுந்துண்டோடு வந்தார். சரி, கம்பெனி மேஸ்திரியும் கூப்பிடவில்லை போலிருக்கிறது என்று நடந்து போனேன். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும் அப்படியே. ஆனால் நான் நடந்து போன பிறகும் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசி ஏது?

ஒருநாள் அம்மாவின் பின்னாலேயே போனேன். காசைப் பார்க்காமல் படியைத் தொடாத கடைக்கார பாய், சிரித்துக்கொண்டே அரிசி அளந்து போட்டார். "கம்பெனிக்காரரு வூடு, எங்க ஓடிடப் போறீங்க? எட்த்துகினு போம்மா" என்றார். அதெல்லாம் என் காதில் ஏறவில்லை. அம்மா காசு கொடுக்கவில்லை, அதைத்தான் பார்த்தேன். பிச்சை எடுக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். எனக்கு மானம் போயிற்று.

அன்றிலிருந்து வயிற்றுவலி என்று சொல்லிப் பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவேன். மிச்சத்தையெல்லாம் தம்பி தின்று தீர்த்தான். நைனாவோ தீக்குச்சி மருந்து வாடையோடு வந்து, கால் நீட்டிப் பாடிக்கொண்டிருந்தார். எங்களுக்குத் தெரியக்கூடாதென்று நடிக்கிறார், பாவம் என்று எனக்கு அழுகை முட்டியது.

பொறுக்க முடியாமல் எதிர்வீட்டுச் சித்தப்பாவிடம் போனேன். "நைனாவ அந்தக் கம்பெனில சேக்கவே மாட்டன்றாங்க. தெனம் வெறுங்கையோட வராரு. நாளைக்கு ஒன்கூட ஆர்பருக்கு இட்டுகினு போ சித்தப்பா."

சித்தப்பா சட்டையைக்கூட மாட்டவில்லை. நேராக வந்து அம்மாவின் முன்னால் நின்றார். "இன்னா அண்ணி, அண்ணனுக்கு வேல பூட்ச்சாமே. என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நான் இன்னா செத்தா பூட்டேன்?"

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. நைனா தன்னிடம் மறைத்துவிட்டாரோ என்று அவளும் பயந்துபோனாள். பாய் கொடுத்த அரிசி அடுப்பில் வெந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து நைனா உள்ளே வந்தார். "வேல பூட்ச்சா? யார் சொன்னது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவர் தோளைக் காட்டினேன். "துண்டுல முடிச்சே இல்லியே நைனா."

நைனாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "அடிக் கய்த, அங்க தெனம் தெனம் குடுக்க மாட்டாங்க. மாசம் பொறந்தா மொத்தமா குடுப்பாங்க. கப்பல் வந்தாலும் வராங்காட்டியும் எனக்கு வேல கீது."

சித்தப்பா சிரிக்கவில்லை. "வராங்காட்டியுமா?" என்றார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே, "அங்க இன்னும் ஆள் எடுக்குறாங்களாண்ணா?" என்று கேட்டார்.

"காலீல எங்கூட வா" என்றார் நைனா.

மாசம் பிறந்து, சித்தப்பாவும் கம்பெனியில் சேர்ந்த பிறகு ஒரு சாயங்காலம். நைனாவும் அவரும் வெறுந்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்துப் பேசியபடி வந்தார்கள். இப்போதுதான் எனக்கு விஷயம் தெரியுமே. தலைதெறிக்க ஓடி, "உல வெய்ம்மா" என்று கத்தினேன்.

அம்மா சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். "வெச்சு எறக்கியே ஆச்சுடி. இனிமே நீ அங்க போய் நிக்க வேணாம். போய் வெளையாடு."

சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதேன். வீட்டில் எல்லோருக்கும் வேலை கிடைத்தது, எனக்கு மட்டும் போயிற்று. அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மறுபடியும் சிரித்தாள். என் வேலை போனதில் இவளுக்கு என்ன இத்தனை சந்தோஷம் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.