எடை மேடையில் சிவப்புக் கோடுகள்

உட்காருமுன் சட்டை நுனியால் கீபோர்டைத் துடைத்தார் அந்த மனிதர். ஒல்லியான உடம்பு, காதோரம் நரை. மரக்காணத்து உப்புக் காற்று அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

உப்பளத்து எடை மேடைக்கு, பைத்தான் என்ற கணினி மொழியின் பழைய பதிப்பில் நான் ஒரு புரோகிராம் எழுதித் தந்திருந்தேன். புதிதாக வந்த கம்ப்யூட்டரில் திறந்ததும், அதிலிருந்த எடிட்டர், அதாவது புரோகிராம் எழுதித் திருத்தும் மென்பொருள், முப்பத்தேழு வரிகளுக்கு அடியில் பிழை என்று சிவப்புக் கோடு போட்டது.

"ஃபுல்லா தப்பா எழுதி வெச்சிருக்கீங்களே" என்றார் உப்பள முதலாளி. என் புரோகிராமைத் தூக்கிவிட்டு வேறு வாங்கப் போவதாகவும் சொன்னார்.

அந்த எடிட்டரைத் தயாரிக்கும் கம்பெனியில் வேலை செய்யும் அந்த மனிதர், தன் மனைவியின் ஊரான இங்கே வந்திருப்பதை அறிந்து நான்தான் அழைத்து வந்தேன். அவர் எடிட்டரின் மெனுவில் பைத்தானின் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்தார். கோடுகள் முழுவதும் மறைந்தன.

"ஐயா எழுதினதுல ஒரு தப்பும் இல்லைங்க."

நான் முதலாளியைப் பார்த்தேன்.

"அடுத்த கம்ப்யூட்டர்லயும் இப்படியே பண்ணிக்கலாமா?" என்றார் முதலாளி.

"முடியாதுங்க. எடிட்டரோட அடுத்த வெர்ஷன்ல பழசை எடுத்துடறாங்க. எடுக்கிற வேலையே எனக்குத்தான்."

"அப்ப இப்பவே வேற மாத்திடறேன்."

நான் கம்பெனிக்காரர் பக்கம் திரும்பினேன். "ஏம்பா, பழசை எத்தனை பேர் வெச்சிருக்காங்கன்னு எண்ணிப் பாத்தீங்களா?"

"நெட்ல இருக்கிறவங்களைத்தான் எண்ணினோம். இங்க நெட் இல்லையேங்க. நீங்க கணக்குலயே வரலை."

முதலாளியிடம் அவர் ஒரு பொய் சொல்லியிருந்தால் என் புரோகிராம் பிழைத்திருக்கும். அவர் சொல்லவில்லை. எழுந்து போகுமுன், யாருக்காகவோ தெரியவில்லை, மறுபடியும் அந்தக் கீபோர்டைத் துடைத்தார்.