நூற்று அறுபதாம் நம்பர் ஜெட்

தனக்கோடி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். முனையிலிருந்த பீங்கான் டீ நிறத்தில் இருக்க வேண்டும். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. பெட்ரோல் போதாமல் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று அர்த்தம்.

“அக்கா, டைம் பாத்தியா? இந்த வண்டி இதுவரைக்கும் இவ்ளோ வேகமா போனதே இல்ல,” என்றான் டேரில். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

அவள் பிளக்கை அவன் முன்னால் நீட்டினாள்.

ஊருக்கு வெளியே சந்தாபுராவைத் தாண்டி, யாரோ ஒரு தனியாருக்குச் சொந்தமான பழைய விமான ஓடுதளம் அது. ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி. பனி இன்னும் விலகவில்லை. நானூறு மீட்டர் பந்தயம். முதல் சுற்று முடிந்துவிட்டது, இரண்டாவதற்கு முக்கால் மணி நேரம் இருந்தது.

தனக்கோடிக்கு நாற்பத்தாறு வயது. பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் பதினெட்டு வருஷம் கார்புரேட்டர் ஜெட்டுக்குத் துளை போட்டவள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய பித்தளைத் திருகு அது. அதன் நடுவிலுள்ள துளை வழியாகத்தான் பெட்ரோல் இன்ஜினுக்குள் போகும். துளை பெரிதாக ஆக, மேலே பொறித்திருக்கும் எண்ணும் கூடும். கம்பெனியை மூடிய வருஷம், மர்பி டவுனில் எதிர்வீட்டிலிருந்த டேரில் தன் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஒரு ஜெட்டைப் பெரிதாக்கித் தரச் சொல்லி வந்தான். எதற்கென்று கேட்டாள். அந்தக் கேள்வியில் ஆரம்பித்து, இரண்டே வருஷத்தில் ஒரு ஷெட்டில் பாதியை வாடகைக்கு எடுத்து, ஊரில் டூ ஸ்ட்ரோக் வைத்திருக்கும் பையன்களெல்லாம் தேடி வரும் ஆளாகிவிட்டாள்.

ஒரு தவறும் நடந்திருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், கவின் என்ற பையனின் வண்டியை உச்சிவெயிலில் சரிசெய்து கொடுத்தாள். அவன் மறுநாள் விடிகாலைக் குளிரில் அதை முழு வேகத்தில் ஓட்டினான். குளிர்காற்று அடர்த்தியானது, அதற்கேற்ற பெட்ரோல் போகவில்லை. டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது என்பதால் ஆயிலும் குறைந்தது. பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் அப்படியே நின்றது. கவின் தொடையில் இன்றைக்கும் பிளேட் இருக்கிறது. அவன் அம்மாவோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தாள் தனக்கோடி.

அதனால் இந்த முறை குளிருக்கென்றே கணக்குப் போட்டு நூற்று நாற்பதாம் நம்பர் ஜெட்டைப் போட்டு வந்திருந்தாள். அப்படியும் பிளக் வெளுத்திருந்தது. நூற்று நாற்பத்தைந்தை மாட்டி, டேரிலை ஓரத்து மண்பாதையில் ஒரு தடவை ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திருகி ஓட்டி, ஓட்டத்திலேயே இன்ஜினை நிறுத்தி உருட்டிக்கொண்டு வரச் சொன்னாள். மறுபடி பிளக்கைக் கழற்றினாள். அதே வெள்ளை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பெட்ரோலைக் கூட்டியும் மாறவில்லை என்றால் காற்று எங்கிருந்தோ திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. வண்டியை ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டரைத் திருகி விட்டாள். சத்தம் உடனே இறங்காமல் மேலேயே தொங்கி, மெல்லத்தான் கீழே வந்தது. காற்று புகும் இடத்தில் ஸ்ப்ரே அடித்தால் சத்தம் மாறும். கார்புரேட்டர் கழுவும் ஸ்ப்ரேயை ரப்பர் இணைப்பில் அடித்தாள், மாற்றமில்லை. இன்ஜினின் பக்கவாட்டிலுள்ள மேக்னெட்டோ மூடியைக் கழற்றி உள்பக்கம் அடித்தாள். இன்ஜின் சத்தம் சட்டென்று மாறியது.

கிராங்க் சீல், சுழலும் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம். நவம்பரில் இன்ஜினைப் பிரித்தபோது, பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று பழைய சீலையே திரும்பப் போட்டது அவள்தான். அதை அவள் டேரிலிடம் சொல்லவில்லை.

“சீல் போயிடுச்சு டேரில். இங்க மாத்த முடியாது. ஓட்டாத.”

“ஒரே ஒரு ரன் தான் அக்கா. நாலு மாசம் உழைச்சிருக்கோம்.”

அவள் ஜெட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனாள். ஜெட் இல்லாமல் வண்டி ஓடாது. பிரச்சினை முடிந்தது என்று நினைத்தாள். பத்து நிமிஷம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது டேரில் பக்கத்துக் கூடாரத்தில் ஒரு ஜெட்டை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டிருந்தான். என்ன நம்பர் என்று கேட்டாள். நூற்று முப்பது என்றான். துளை இன்னும் சிறியது, பெட்ரோல் இன்னும் குறையும். அவனைத் தடுக்கப் போய் இன்னும் மோசமான இடத்துக்குத் தள்ளியிருந்தாள்.

கெஞ்சிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. பெட்டியைத் திறந்து, இருப்பதிலேயே பெரிய நூற்று அறுபதை எடுத்தாள்.

“போறதுன்னா இதோட போ. பெட்ரோல் ஜாஸ்தியாகி வண்டி மக்கர் பண்ணும், நீ தோத்துடுவ. ஆனா கிளட்ச் மேல ரெண்டு விரல் வெச்சுக்கினே இரு. கரகரப்பு போயி சத்தம் சுத்தமாச்சுன்னா பெட்ரோல் பத்தலன்னு அர்த்தம், ஒடனே புடி, சக்கரம் நிக்காம உருளும்.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு வண்டியை விட்டு விலகி நின்றான். அவள் நூற்று முப்பதைக் கழற்றி நூற்று அறுபதை மாட்டினாள்.

கொடி இறங்கியதும் பக்கத்து வண்டி பறந்தது. டேரிலின் வண்டி புகையைக் கக்கி, தொண்டை கட்டியவன் மாதிரி கரகரத்துக்கொண்டே கிளம்பியது. தனக்கோடிக்கு அந்தக் கரகரப்பு நிம்மதியாக இருந்தது. இருநூறு மீட்டர். இருநூற்றைம்பது. முந்நூற்றைத் தாண்டியபோது கரகரப்பு நின்று, சத்தம் கத்தி போலக் கூர்மையாக எழும்பியது. அவ்வளவு பெட்ரோலும் போதவில்லை. அவள் தன் இடது கையை இறுக்கி மூடினாள், கிளட்ச் அங்கேயே இருப்பது போல.

சத்தம் அறுந்தது. சறுக்கும் டயரின் கிறீச்சென்ற ஒலிக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. பனிக்குள்ளிருந்து நெடுநேரம் யாருமே வரவில்லை. பிறகு டேரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தான். அவன் இடது கையின் இரண்டு விரல் இன்னும் கிளட்சை இறுக்கிப் பிடித்திருந்தது.

செவ்வாய்க்கிழமை ஷெட்டில் இன்ஜினைப் பிரித்தார்கள். பிஸ்டனில் புகைப்போக்கிப் பக்கம், கட்டைவிரல் அகலத்துக்கு உரசிய தடம். சீலின் உள்விளிம்பு கிழிந்திருந்தது. டேரில் அதை விரலில் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்.

“அது பழைய சீலு. நவம்பர்ல மாத்தாம விட்டது நான்தான்.”

 அவன் சீலை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். எதிர்வீட்டில் இருந்துகொண்டு இரண்டு வாரம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பழகிய பையன்களில் மூன்று பேர் வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டு போனார்கள். விஷயம் எப்படிப் பரவியதென்று அவள் விசாரிக்கவில்லை. பிரித்த இன்ஜின்மேல் துணியைப் போட்டு மூடி வைத்திருந்தாள்.

மூன்றாம் வாரம் ஒரு மதியம் டேரில் வந்து நின்றான். கையில் இரண்டு பக்கத்துக்கும் புது சீல், ஒரு புது பிஸ்டன்.

“இந்த தடவ நான் பக்கத்துல உக்காந்து பாப்பேன்,” என்றான்.

“பாரு,” என்று சொல்லி அவனுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.