கரமனையில் டிஸ்க் கோல்ஃப்: ஹர்த்தால் அன்று மட்டும்

இல்லை, சுவரேறிக் குதிக்க வேண்டாம். அந்த மைதானத்துக்குக் கேட்டே கிடையாது. போன பதிவின் கீழே "எத்தனை மணிக்குத் திறக்கும்?" என்று கேட்டவருக்கும், "திருவனந்தபுரத்தில் டிஸ்க் கோல்ஃபா, கதை விடாதே" என்று எழுதியவருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். இருக்கிறது. கரமனை ஆற்றங்கரையில், ஒன்பது கூடை, புதிதாக ஆடுபவர்களுக்கென்றே போட்டது. ஒரே ஒரு விஷயம், ஹர்த்தால் அன்று மட்டும்தான் ஆட முடியும்.

கேரளாவுக்குப் போகாதவர்களுக்கு: ஹர்த்தால் என்றால் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை ஊர் மொத்தமும் அடைப்பு. கடை, பஸ், ஆபீஸ் எதுவும் கிடையாது. மீறி வண்டி எடுத்தால் கண்ணாடி தப்பாது. டிஸ்க் கோல்ஃப் என்றால் பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் கூடை. குறைந்த எறியில் தட்டைக் கூடையில் போட்டவர் கெட்டிக்காரர். அவ்வளவுதான், தெரிந்துகொள்ள வேறொன்றும் இல்லை.

நான் இன்ஜினியரிங்கை ஐந்தாவது செமஸ்டரோடு விட்டவன். விட்ட நாளிலிருந்து நாகர்கோவிலில் எதிர்ப்படும் எல்லோருக்கும் என்னைப் பற்றி ஒரு திட்டம் இருக்கிறது. அந்தக் கடுப்பில் நெட் சென்டரில் மேய்ந்துகொண்டிருந்தபோதுதான் ஒரு குழுமத்தில் அந்தப் படத்தைப் பார்த்தேன். இரும்புக் கம்பம், அதில் பிளாஸ்டிக் துணிக்கூடை, மேலே சைக்கிள் ரிம்மிலிருந்து தொங்கும் சங்கிலிகள். கீழே "கரமனை" என்று போட்டிருந்தது. மெயில் அனுப்பினேன். ஜெயஸ்ரீ என்பவரிடமிருந்து ஒற்றை வரிப் பதில்: "அடுத்த ஹர்த்தாலுக்கு வாங்கோ."

அதிகம் காத்திருக்கவில்லை. திங்கள் இரவு டிவியில் சொன்னார்கள், மறுநாள் ஹர்த்தால். நான் பையில் துணி வைப்பதைப் பார்த்த அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"லேய், தொறந்து கெடந்த காலேஜுக்குப் போவச் சொன்னா போவல. அடைச்சுக் கெடக்க ஊருக்குப் போறியாக்கும்?"

"ஆமா. அங்கதான் கூட்டம் இருக்காது."

காலை பாசஞ்சரில் ஏறினேன். எழுபது கிலோமீட்டர் சொச்சம், இரண்டு மணி நேரம், டிக்கெட் பதினான்கு ரூபாய். பஸ்ஸை நம்பாதீர்கள். ஹர்த்தால் அன்று நம் ஊர் பஸ் களியக்காவிளையோடு திரும்பிவிடும், ரயில் மட்டும்தான் ஓடும்.

தம்பானூரில் இறங்கியபோது ஆட்டோ ஸ்டாண்டில் நாய்தான் படுத்திருந்தது. விவரம் தெரியாமல் வந்து மாட்டிக்கொண்ட குடும்பங்கள் ஸ்டேஷனுக்குள் பெட்டிகளின்மேல் உட்கார்ந்திருந்தன. டீ கிடையாது. முந்தின நாளே வாங்கி வைத்திருந்த ஏத்தம்பழத்தைத் தின்றுவிட்டு நடந்தேன். கிள்ளிப்பாலம் வழியாகக் கரமனைப் பாலத்துக்கு மூன்று கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். மற்ற நாளில் புகையைத் தின்றுகொண்டு போகும் சாலை. அன்று நடு ரோட்டில் ஸ்டம்ப் நட்டுப் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் கோட்டின் மேலேயே நடந்து போனேன். யாருக்கும் வழிவிட வேண்டியிருக்கவில்லை.

பாலத்துக்கு முன்பு இடது பக்கம், தென்னைகளுக்கு நடுவே மைதானம். மற்ற நாளெல்லாம் அது டிரைவிங் ஸ்கூல்காரர்கள் பழக்கும் இடம். கேரளாவில் கார் லைசன்ஸ் வேண்டுமென்றால் 'எச்' போட வேண்டும். அந்த ஆங்கில எழுத்தின் வடிவத்தில் கம்பங்களை வைத்திருப்பார்கள். அவற்றுக்கு நடுவே முன்னால் போய், ரிவர்ஸில் வந்து, எதிலும் உரசாமல் வெளியே வர வேண்டும். உரசினால் ஃபெயில். அந்தக் கம்பங்கள்தான் இங்கே டிஸ்க் கோல்ஃபுக்கும். பழைய டயருக்குள் சிமெண்ட் ஊற்றி நட்டவை, உருட்டி நகர்த்தலாம். ஹர்த்தால் அன்று பழக யாரும் வர மாட்டார்கள். அதனால் கம்பங்களைப் பரப்பி வைத்துக் கூடையைக் கட்டிவிடுகிறார்கள்.

ஜெயஸ்ரீக்கு இருபத்தாறு வயதிருக்கும். கரமனை அக்ரஹாரத்துப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. சுடிதாரும் ரப்பர் செருப்புமாகக் கம்பத்தை உருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"நீங்கதானே நாகர்கோவில்? எந்தா படிக்கறேள்?"

"விட்டுட்டேன்."

"அதென்ன?"

"பிடிக்கல."

"சரி. அந்தக் கம்பத்தை ஒரு கை பிடிடா."

அடுத்த கேள்வி வரவில்லை. காலேஜை விட்ட இந்த ஐந்து மாதத்தில், மேலே குடையாமல் என்னை விட்டவர் இவர் ஒருவர்தான்.

ஜெயஸ்ரீ தன் அண்ணன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த நான்கு தட்டுகள் வைத்திருக்கிறார். கடற்கரையில் எறிவோமே, அதைவிடச் சிறியது, விளிம்பு தடிமன், கனமும் கூட. புதியவர்கள் விளிம்பு மழுங்கிய தட்டை எடுங்கள், அதுதான் நேராகப் போகும். கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் அடியில். கையை மார்போடு ஒட்டி இழுத்து விட வேண்டும். பலம் வேண்டாம். நான் பலம் கொடுத்தேன். முதல் தட்டு தென்னை மட்டையில் போய் உட்கார்ந்தது, கல்லெறிந்துதான் இறக்கினோம்.

"நீ யாரைக் கொல்லணும்? கூடைதானே அது," என்றார் ஜெயஸ்ரீ அக்கா.

கூடைகள் முப்பதிலிருந்து ஐம்பது மீட்டர் தூரத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மூன்று எறி கணக்கு. நான்காவது கூடை ஆற்றை ஒட்டி இருக்கிறது. அங்கே இடது பக்கம் சாய்த்து எறியாதீர்கள், ஏற்கெனவே ஒரு தட்டு ஆற்றோடு போயிருக்கிறது. ஏழாவது இரண்டு தென்னைக்கு நடுவே, அங்கே எனக்கு ஆறு எறி பிடித்தது. மொத்தம் நாற்பத்தொன்று. கேவலம்தான். ஆனால் தட்டு சங்கிலியில் பட்டுக் 'கிலீர்' என்று கூடைக்குள் விழும் சத்தம் இருக்கிறதே, அதற்காக இன்னொரு தடவை பதினான்கு ரூபாய் கொடுக்கலாம்.

ஆட்டம் முடிந்ததும் அக்கா ஷெட் பக்கம் கை காட்டினார். அங்கே செல்வராஜ் அண்ணன் தன் பழைய மாருதியின் பேனட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். வள்ளியூர்க்காரர். டிரைவிங் ஸ்கூல் அவருடையது, ஸ்கூல் என்பதே அந்த ஒரு கார்தான். மறுநாள் டெஸ்ட், அவரிடம் பழகிய ஆறு பேர் அதே காரில்தான் 'எச்' போட வேண்டும். ஆறில் ஒருத்தி ஜெயஸ்ரீ. ஏற்கெனவே மூன்று தடவை ஃபெயில்.

"செல்வராஜண்ணா, பத்தே நிமிஷம். ஒரே ஒரு எச்."

"மேடம், இன்னைக்கு வண்டிய எடுத்தா நாளைக்கு வண்டி இருக்காது. வெளையாட்டுல்லா நெனைக்கிய!"

"ரோட்டுக்கா போறேன்? மைதானத்துக்குள்ளதானே. இவன் நாகர்கோவில்லேந்து வந்திருக்கான். கரமனையில இருந்துண்டு நான் பயந்துண்டு நிக்கணுமா?"

என்னை ஏன் இழுத்தார் என்று தெரியவில்லை. ஆனால் எனக்குப் பிடித்திருந்தது. செல்வராஜ் அண்ணன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். நானும் அவரும் கம்பங்களை 'எச்' வடிவத்துக்கு உருட்டினோம். கூடைகளை அவிழ்க்கவில்லை. அக்காதான் வேண்டாம் என்றார். கூடை நீட்டிக்கொண்டிருப்பதால் வழி இன்னும் குறுகல், இதில் தப்பினால் நாளைக்கு ஒன்றுமே இல்லை என்பது அவர் கணக்கு.

அக்கா காரை முன்னால் கொண்டுபோய்விட்டார். ரிவர்ஸில் பாதி வந்தபோது பைக் சத்தம் கேட்டது. மூன்று பைக், ஐந்து பேர், கையில் கொடி. அக்கா எஞ்சினை அணைத்தார். கார் நட்டநடுவே நின்றது.

முன்னால் வந்தவர் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், தலையில் ஹெல்மெட். "எந்தா இவிடெ? ஹர்த்தால்னு அறிஞ்ஞில்லே?" என்றார். பின்னால் ஒருவன் குனிந்து கல்லைத் தேடினான். செல்வராஜ் அண்ணன் காருக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றார். அங்கிருந்து நகரவில்லை.

அக்கா ஜன்னலை இறக்கி மலையாளத்தில் ஆரம்பித்தார். தமிழில் தருகிறேன்: வண்டி ஓட்டவில்லை, சேட்டா. இது விளையாட்டு. கூடையைப் பார்த்தீர்களா? தட்டை எறிந்து கூடையில் போட வேண்டும், கார் அதற்கு ஒரு தடை. கோல்ஃபில் குளம் வைப்பார்களே, அது மாதிரி.

ஹெல்மெட்காரர் கூடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பாண்டியாணோ?"

அந்த ஊரில் தமிழனைக் குத்த அதுதான் சொல். "ஆமா, பாண்டிதான்," என்றேன். "எறிஞ்சு காட்டவா?"

"காட்டு. விழுந்நால் களி. இல்லெங்கில் வண்டி." கூடையில் விழுந்தால் விளையாட்டுதான் என்று ஒப்புக்கொள்வாராம், இல்லாவிட்டால் வண்டி காலி.

கூடை காரின் முன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு முழம் தள்ளி. நாற்பத்தொரு எறி எறிந்தவன் நான். கல் உடைக்காவிட்டால் நானே உடைத்துவிடும் வாய்ப்புதான் அதிகம். செல்வராஜ் அண்ணன் என் காதருகே வந்தார். "தம்பி, ஆறு பேருக்கு டெஸ்டுலே. பாத்து."

முதல் எறி கூரைக்கு மேலே போனது. இரண்டாவது பேனட்டில் 'டொக்'. பைக்காரர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். செல்வராஜ் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது சங்கிலியில் பட்டது, சத்தமும் வந்தது. ஆனால் தட்டு துள்ளி வெளியே விழுந்தது.

ஓடியிருக்கலாம். வழி திறந்துதான் கிடந்தது. ஆனால் சங்கிலியில் பட்ட பிறகு யார் ஓடுவார்கள்? நான்காவது தட்டை எடுத்தேன். ஹெல்மெட்காரர் என் கையைப் பிடித்தார்.

"மாறி நில்லு. இதெந்தா, பெரிய காரியமோ?"

தட்டைப் பிடுங்கிக் கல் எறிவதைப்போல எறிந்தார். அது வளைந்து வளைந்து போய்த் தென்னைக்குப் பின்னால் விழுந்தது. இப்போது அவருடைய ஆட்களே சிரித்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றினார். கீழே கிடந்த இன்னொன்றை எடுத்து எறிந்தார். அதுவும் போனது. கல் தேடியவன் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தான், அடுத்து தன் முறை என்றான். கட்டைவிரல் மேலே என்று நான் சொல்லிக்கொடுத்தேன். ஐந்து பேரும் வரிசையாக நின்றார்கள். ஐந்தாவது ஆள் எறிந்தது கார்க் கதவில் உரசிக்கொண்டு போனதும் ஹெல்மெட்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆ வண்டி ஒந்நு மாற்று மோளே! ஒந்நும் காணான் வய்ய!"

ஹர்த்தால்காரரே வண்டியை எடுக்கச் சொன்னார், மறைக்கிறதாம். அக்கா உடனே ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் போட்டார். கூடைகளுக்கு நடுவே மெதுவாக, வளைத்து, நேராக்கி, எதிலும் உரசாமல் வெளியே வந்து நிறுத்தினார். ஒரு சங்கிலிகூட அசையவில்லை. செல்வராஜ் அண்ணன் இப்போதுதான் மூச்சு விட்டார். வரிசையில் நின்ற ஒருவன் விசில் அடித்தான். ஹெல்மெட்காரர் அதைக் கவனிக்கவே இல்லை, அவர் கண் கூடையில்தான் இருந்தது. பதினோராவது எறியில் போட்டார்.

நான் ஹர்த்தாலுக்குக் கொடி பிடிப்பவன் அல்ல. ஸ்டேஷனில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன், எரிச்சல்தான் வந்தது. ஆனால் இருப்பது ஒரு நாள், அதில் வீட்டுக்குள் உட்கார் என்று யாரோ சொல்வதால் உட்கார முடியாது. படி என்று சொன்னதற்காகப் படிக்கவும் முடியாது. ஏன் விட்டாய், ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்கு இனிமேல் இந்தப் பதிவின் முகவரியைக் கொடுப்பதாக இருக்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில. சாப்பாடு, தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், ஆறு மணிவரை ஒரு பெட்டிக்கடைகூடத் திறக்காது. சொந்த வண்டியில் போகாதீர்கள். தட்டின் அடியில் மார்க்கரில் உங்கள் பெயரை எழுதுங்கள். தோல் ஷூ வேண்டாம், ஆற்றங்கரை வழுக்கும். ஆடக் காசு கிடையாது, கம்பம் உருட்ட வேண்டும். திரும்பும்போது கம்பங்களைப் பழைய இடத்திலேயே வையுங்கள், மறுநாள் அதில் யாரோ ஒருவருக்கு டெஸ்ட்.

அக்கா லைசன்ஸ் வாங்கிவிட்டார். எஸ்.எம்.எஸ். வந்தது: "கூடை இல்லாத கம்பத்துக்கு நடுவில லாரியே போகும் போல இருந்தது."

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று: "நாளைக்கு ஹர்த்தால். அந்த ஹெல்மெட் சேட்டன் ரெண்டு பேரைக் கூட்டிண்டு வரானாம். உன்னை ஜெயிக்கணுமாம். வரயா?"

நெட் சென்டர்க்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். ஏத்தம்பழம் வாங்க வேண்டும். நான் போகணும்.