உமி மூட்டையில் விழுந்த மெக்கானிக்

பொன்னேரியில் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் பார்த்த ஆதிநாராயணன், பிரித்து மாட்டிய வண்டியை ஓட்டிப் பார்க்கவே மாட்டார். சொந்தக்காரரை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் மூச்சிரைக்க ஓடிக்கொண்டே எஞ்சின் சத்தத்தைக் கேட்பார். தொந்தியும் தொப்பையுமாக ஒரு மனிதர் கடைவீதியில் இப்படி ஓடினால் ஊர் சும்மா இருக்குமா? வாய்விட்டுச் சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவனும் அவர் பட்டதைப் பட்டவனில்லை.

எழுபத்திரண்டில் கவரப்பேட்டை ரோட்டில் மாட்டுவண்டி மேல் மோதி, ஆறு மாதம் மாவுக்கட்டோடு கிடந்தவர். அன்றிலிருந்து சீட்டில் உட்கார்ந்தாலே கை உதறும். வண்டி ஓட்டாத மெக்கானிக்கை எத்தனை நாள் நம்புவார்கள்? வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான் என்பது அவருக்கே தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வெல்டராக இருந்த சிநேகிதர் ஜோசப், குட்டி மோட்டார் சைக்கிள் ரேஸைப் பற்றிச் சொன்னார். சோழவரம் மோட்டார் பந்தயம் பார்த்துக் கிறுக்குப் பிடித்த நாலு பேர், முழங்கால் உயர வண்டிகளைத் தாங்களே செய்திருந்தார்கள். வயலுக்கு மருந்தடிக்கும் மெஷினின் எஞ்சின், தள்ளுவண்டிச் சக்கரம், தண்ணீர்க் குழாயை வளைத்துப் பற்றவைத்த சட்டம். ஞாயிறு தோறும் ரைஸ் மில்லின் சிமெண்டுக் களம் காலியாக இருந்தால் அங்கே ரேஸ். திருப்பங்களில் உமி மூட்டைதான் தடுப்பு. கால் தரையில் பட்டால் ஒரு சுற்று கூடுதல்.

"கார்பரேட்டர் அடைச்சிக்குது நைனா. களத்துக்கு வந்து ஒரு தபா பாரு" என்றார் ஜோசப்.

போய்ச் சரிசெய்தார். பிறகு, "நீ ஓட்டு, நான் கூட ஓடியாறேன்" என்றார்.

"நீயே குந்து. காலு ரெண்டும் தரையிலதான் இருக்கும். வுழுந்தாலும் கட்டில்லேர்ந்து வுழுந்த மாரிதான்."

உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் காதுக்கு வந்தன. பாதம் தரையில் இருந்தது தெம்பாக இருந்தது. காலை இழுத்துக்கொண்டே ஒரு சுற்று வந்தார். அடுத்தடுத்த ஞாயிறுகளில் காலைத் தூக்கிவைத்தும் ஓட்டினார். ஒருநாள் ரேஸிலேயே கலந்துகொண்டார். மனைவி செண்பகம் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு களத்து ஓரத்தில் நின்றாள்.

கடைசித் திருப்பத்தில், சிந்திக் கிடந்த நெல்லில் சக்கரம் வழுக்கியது. ஆதிநாராயணன் உமி மூட்டைகளுக்குள் தலைகுப்புறப் போய் விழுந்தார். மூட்டை கிழிந்து உமி பறந்தது. எல்லா வண்டிகளும் நின்றன. செண்பகம் ஓடி வந்தாள்.

"எங்கயா அடி? வாயத் தொறந்து பேசுயா."

அவர் கையை மடக்கிப் பார்த்தார், மடங்கியது. காலை நீட்டினார், நீண்டது. முழங்கையில் கொஞ்சம் தோல் போயிருந்தது. மூன்று வருடமாக எதை நினைத்துப் பயந்தாரோ, அது நடந்து முடிந்திருந்தது.

"அவ்ளோதானா?" என்றார். நிம்மதியில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் ஒரு ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் ரிப்பேருக்கு வந்தது. வேலை முடிந்ததும் சொந்தக்காரர் ஏறப்போனார். "நீ இருப்பா" என்று ஆதிநாராயணன் ஏறிக் கிக்கரை உதைத்தார். கை உதறியது. உதறட்டும் என்று கிளட்சை விட்டார்.

போனவரை அரை மணியாகக் காணோம். சொந்தக்காரர் தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தபோதுதான் வண்டி திரும்பியது.

"இன்னா ஆச்சு, வழியில நின்னுடுச்சா?"

"வண்டி நல்லாத்தான் போவுது" என்றார் ஆதிநாராயணன். "எனக்குத்தான் நிறுத்த மனசு வர்ல. போய்க்கினே இருந்தேன்."