கன்னியம்மா வீட்டுக்காரரின் நிறம்

கல்யாண வீடியோவுக்கு மோஷன் கிராபிக்ஸ் செய்கிறவர்களுக்கு, விழித்துக்கொண்டே கனவு காணச் சம்பளம் தருகிறார்கள். மானிட்டர் முன்னால் கண்ணைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2005 வாக்கில் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடி ஸ்டூடியோவில் எனக்கு அந்த வேலை. நாள் முழுக்கத் திரையில் ரோஜா இதழ் விழும், மேகம் நகரும். ஜன்னலுக்கு வெளியே போகிற மின்சார ரயில்கூட எனக்கு மெதுவாகத்தான் போகும்.

மாப்பிள்ளை போன திசை

ஒவ்வொரு படத்துக்கும் ஆங்கர் பாயின்ட் என்று ஒரு புள்ளி உண்டு. படம் அதைச் சுற்றித்தான் சுழலும். சேர்ந்த புதிதில் அதை நடுவில் வைக்காமல் மூலையிலேயே விட்டுவிட்டேன். இதய வடிவத்துக்குள் நின்ற ஜோடி, பெண்ணின் அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிய அரைவட்டம் அடித்துத் திரையை விட்டு வெளியே போய்விட்டது. எனக்கென்னவோ அது அழகாகத்தான் இருந்தது. அவர் சிட்லபாக்கத்துக்காரர், ரிட்டயரானவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்:

"பொண்ணைக் கூட்டிட்டுப் போறார், சரிம்மா. எங்கேன்னு சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

மூன்றும் ஒரே எண்

கன்னியம்மா அக்கா கோவளத்திலிருந்து மீன் கொண்டுவந்து எங்கள் தெருவில் விற்பவர். மகள் கல்யாண வீடியோவை எங்களிடம்தான் கொடுத்திருந்தார். வீட்டுக்காரர் மூன்று வருஷம் முன்பு கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. இறந்த பெற்றோரை மேகத்தில் நிறுத்தி ஆசீர்வாதம் செய்ய வைப்பது அப்போது எங்கள் கடை வழக்கம். அப்படி அவரும் வர வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை மகள் புருஷனோடு அந்தமானுக்குக் கப்பல் ஏறுகிறாள். அதற்குள் அப்பா இருக்கிற சிடி அவள் கையில் இருக்க வேண்டும்.

இருந்த ஒரே படம் வாக்காளர் அட்டையில் இருந்த கறுப்பு வெள்ளை முகம். பென் டூலால் ஓரம் பிடித்து, காது போகாமல் வெட்டி எடுத்து, ஆசீர்வாதத்துக்கென்று கடையில் வைத்திருந்த ஒரு வேட்டி சட்டை உடம்பில் பொருத்தினேன். திரையோரத்தில் இன்ஃபோ பேனல் என்று ஒரு சின்னப் பெட்டி. மவுஸை எங்கே வைத்தாலும் அங்கே சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்று எண்ணாகக் காட்டும். அவர் முகத்தில் எங்கே வைத்தாலும் மூன்றும் ஒரே எண், அதாவது வெறும் சாம்பல். கன்னத்திலும் நெற்றியிலும் வெகுநேரம் தேடினேன். என்ன நிறம் கொடுப்பது என்று முதலாளி அண்ணாவிடம் கேட்டேன்.

"மாப்பிள்ளைங்க முகத்தை வெளுப்பாக்குவோமே, அந்தக் கலரைப் போடும்மா. செத்தவரு வந்து கேக்கவா போறாரு?"

புதன்கிழமை

கூடையைப் படிக்கட்டிலேயே வைத்துவிட்டு அக்கா மேலே வந்தார். திரையில் மேகம் விலகி, ரோஜாத் தூளில் பால் கலந்த நிறத்தில் ஒருவர் கை உயர்த்தினார். அக்கா அசையாமல் பார்த்தார். உருகிப்போய்விட்டார் என்று நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"நல்லாத்தான் கீறாரு பாப்பா. யாரு இவரு?"

மெட்டிக் கால்

வெட்கமாகப் போய்விட்டது. அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து, வீட்டுக்காரர் என்ன நிறம் என்று கேட்டேன். அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை. மகளிடம் அந்த நிறம் இருக்குமே என்று வீடியோவில் மணப்பெண் முகத்துக்கு மவுஸைக் கொண்டுபோனேன். அங்கே முழுக்க பவுடர் என்று கையைத் தடுத்துவிட்டு, மெட்டி போடுகிற இடத்தைக் காட்டச் சொன்னார். அவளுக்கு அப்பன் கால்தானாம்.

மெட்டி போடும்போது அந்தக் கால் நன்றாகத் தெரிந்தது. பேனலில் மூன்று எண்களும் இப்போது வேறு வேறாக நின்றன. அவற்றை எழுதிக்கொண்டு, முதலில் நெற்றிக்கு, பிறகு கன்னத்துக்கு, கழுத்துக்கு, கைக்கு என்று கொடுத்தேன். சாம்பல் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வந்துவிட்டார் என்று தலையை மட்டும் ஆட்டினார். எனக்கும் திரை மங்கித்தான் தெரிந்தது. பிறகு அக்கா சொன்னார்:

"அந்த மேகத்த மட்டும் எடுத்துடு பாப்பா. மேகம் கட்டிக்கினு வந்த அன்னிக்கிதான் அவரு போனாரு."

மேகத்தை எடுத்துவிட்டு அவரை மணமேடையில் அக்கா பக்கத்திலேயே நிறுத்தினேன்; அதன் பிறகு இறந்தவர்களின் நிறத்தைக் கேட்டுக் கேட்டுப் போட்ட எங்கள் கடை, உயிரோடிருக்கும் மாப்பிள்ளைகளை மட்டும் கேட்காமலே வெளுத்துக்கொண்டிருந்தது.